பதினோரு லாகின், ஒரு நாற்காலி

எங்கள் அலுவலக வரவேற்பறையில் ஒரு சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். புதிய கூட்டுப்பணி மென்பொருளை முழுமையாகப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த அலுவலகம் என்று அதில் போட்டிருக்கிறது. காலையில் லிஃப்டுக்குக் காத்திருக்கும் இரண்டு நிமிடமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கவேண்டும். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். சில நாள் படியேறிப் போய்விடுகிறேன். மூன்றாவது மாடி, முழங்கால் வலி வேறு.

நான் மத்திய அரசில் பிரிவு அதிகாரி. திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்காக தில்லி வந்தவள். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் குடித்தனம். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. கீழே இருந்து வரும் கோப்பைப் படித்து, இரண்டு வரி எழுதி, மேலே அனுப்புவது என் உத்தியோகம். மேலே இருந்து வருவதைக் கீழே அனுப்புவதும் அதில் சேர்த்தி. மட்டமான வேலை என்று சொல்லமாட்டேன். ஒழுங்காகச் செய்தால் நாலு பேருக்கு நல்லது நடக்கும். நான் ஒழுங்காகச் செய்யாத ஒரு கோப்பைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

மென்பொருள் வந்த நாளன்று பயிற்சி என்று சொல்லி எல்லோரையும் கூட்ட அறையில் உட்காரவைத்தார்கள். குர்காவ் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். திரையில் கொட்டை எழுத்தில் ‘எங்கிருந்தும் வேலை, எல்லோரும் சேர்ந்து’ என்று ஓடியது. அவள் உயிரைக் கொடுத்துப் பேசினாள். இவர்கள் சமோசா தட்டு எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமோசா வந்ததும், எண்ணெய்க் கையோடு பயிற்சிக்கு வைத்திருந்த கணினியைத் தொட்டுப் பார்த்தார்கள். சட்னி ஒரு சொட்டு விசைப்பலகைக்குள் இறங்கியது. யாரும் துடைக்கவில்லை. பியூன் வந்து துடைப்பான் என்பது எல்லோருடைய நம்பிக்கை.

“ஒரே ஆவணத்தில் யார் வேண்டுமானாலும் ஒரே நேரத்தில் எழுதலாம்” என்று அவள் விளக்கியபோது எங்கள் துணைச் செயலாளர் கையைத் தூக்கினார். ஐம்பது வயது, எப்போதும் கழுத்துப்பட்டை, மீசைக்குச் சாயம்.

“பெஹலே கௌன் லிகேகா?” என்று கேட்டார். முதலில் யார் எழுதுவது என்பது அவருடைய கவலை.

“கோயி பீ, சர்.” யார் வேண்டுமானாலும், என்றாள் அந்தப் பெண்.

அவள் ஏதோ அசிங்கமாகச் சொல்லிவிட்டது மாதிரி நாங்கள் எல்லோரும் மேசையைப் பார்த்தோம். முப்பது வருஷமாக உதவியாளர் எழுதி, அதன் கீழே நான் எழுதி, அதன் கீழே அவர் எழுதி என்று படிப்படியாகப் போய்ப் பழகியவர்களிடம், யார் வேண்டுமானாலும் என்றால் என்ன அர்த்தம்? அந்தப் பெண் பாவம், மூன்று மணிக்கு முடிக்கவேண்டியதை இரண்டுக்கே முடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு நடந்த கூத்தைச் சொன்னால் வெளியாட்கள் நம்பமாட்டார்கள். இந்த மென்பொருளில் ஓர் ஆவணத்தை யார் திறந்து வைத்திருக்கிறாரோ அவர் பெயர் மேலே சின்ன வட்டத்தில் தெரியும். முதல் வாரம் நாங்கள் ஆறு பேர் ஓர் அறிக்கையில் எழுதிக்கொண்டிருந்தோம். இணைச் செயலாளரின் பெயர் மேலே வந்தது. எங்கள் எல்லோருக்கும் தலைமை அந்த அம்மாள்தான். ஒரு நொடியில் எங்கள் ஆறு வட்டமும் காணாமல் போயின. அம்மாள் அறைக்குள் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நிற்பார்களே, அதேதான். நானும் சட்டென்று மூடிவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அரை மணி நேரம் அந்த அம்மாள் அந்த அறிக்கையில் தனியாகவே இருந்தார். அவர் எழுதிய வாக்கியத்தில் ஓர் எழுத்துப் பிழை. திருத்த யாருக்கும் தைரியம் வரவில்லை. அந்தப் பிழையோடுதான் அறிக்கை அச்சுக்குப் போனது.

கட்டைவிரல் கதை இன்னும் கேவலம். யாராவது செய்தி போட்டால் அதன் கீழே கட்டைவிரல் படத்தை அழுத்தலாம். இணைச் செயலாளர் ‘காலை வணக்கம்’ போட்டால் இரண்டு நிமிடத்தில் எல்லா விரலும் விழுந்திருக்கும். கடைசியாக அழுத்தியவர் யார் என்று பார்க்கிறார்களா மேடம் என்று ஒரு மூத்த உதவியாளர் என் அறைக்கே வந்து கேட்டார். எங்களோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் இறந்துபோன செய்தியை அந்த அம்மாள் போட்டார். அதற்கும் விழுந்தது, வரிசையாகக் கட்டைவிரல். மனுஷன் செத்துக் கிடக்கிறார், இவர்கள் விரலைத் தூக்குகிறார்கள். அன்று மத்தியானம் என்னால் சாப்பிட முடியவில்லை.

இந்த லட்சணத்தில் மென்பொருள் எப்படி வெற்றி பெற்றது என்று கேட்கவேண்டும். எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு, எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத வழக்கம். அதிகாரி ஆனவர் பிறர் பார்க்கத் தன் கையால் தட்டச்சு செய்யமாட்டார். அது ஸ்டெனோ செய்கிற வேலை. வீட்டில் கைபேசியில் மணிக்கணக்காகத் தட்டுகிற அதே விரல், அலுவலகத்தில் விசைப்பலகையைத் தொட்டால் அந்தஸ்து இறங்கிவிடும். ஆகவே இரண்டாவது வாரம் துணைச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, ஒரு துண்டுச் சீட்டில் தன் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்து, “யாரிடமாவது கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்” என்றார்.

நான் அதை அவளிடம் கொடுத்தேன். கொடுத்தவள் நான்தான்.

அவள் எங்கள் பிரிவில் கான்ட்ராக்டில் இருந்த டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். நாற்பது வயதை ஒட்டியவள். அம்மா அப்பா கள்ளக்குறிச்சிப் பக்கம். இவள் பிறந்ததே ஜங்புராவில் பாராபுல்லா நாலா என்னும் கழிவுநீர்க் கால்வாய் ஓரமாக, தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில். அம்மா ஜங்புரா வீடுகளில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்துத்தான் மகளைத் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்திருக்கிறாள். கணவன் கிடையாது, எங்கே என்று நான் கேட்டதில்லை. ஒரே மகள், லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கும் தறுவாயில் இருந்தாள். இவளுக்கு விரல் பறக்கும். மற்றவர்கள் முன்னால் என்னை மேடம் என்பாள். தனியாக இருக்கும்போது அக்கா.

துணைச் செயலாளர் கொடுத்தார் என்றதும் மற்றவர்களும் கொடுக்கத் தொடங்கினார்கள். ஒரே மாதத்தில் பத்துப் பேருடைய லாகின் அவளிடம். இணைச் செயலாளருடையதை அவருடைய பி.ஏ. கொண்டுவந்து கொடுத்தார். பாஸ்வேர்டு பெரும்பாலும் பிள்ளையின் பெயரும் அதன் பின்னால் ஒன்று இரண்டு மூன்றும். எங்கள் அதிகாரிகளின் பிள்ளைகள் பெயர் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். மூன்றாவது மாதம் நானும் கொடுத்தேன், பதினோராவதாக. எனக்குத் தட்டத் தெரியும். ஆனால் மற்றவர்கள் எல்லோரும் காகிதத்தில் எழுதி அனுப்பிக்கொண்டிருக்க, நான் மட்டும் திரை முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தது எனக்கு ஒருமாதிரியாக இருந்தது. இதைவிடக் கேவலமான காரணம் இருக்கமுடியாது.

இப்படித்தான் நடந்தது வேலை: அவள் திரையில் வந்ததை அச்சடிப்பாள். பியூன் அதைக் கோப்பில் கட்டி அறை அறையாகக் கொண்டுபோவார். அவரவர் பேனாவால் எழுதுவார்கள். இணைச் செயலாளர் மட்டும் பச்சை மை, அது அவருடைய பதவிக்கு உண்டான உரிமை. எல்லாம் திரும்பி அவளிடம் வரும். ஒவ்வொருவர் பெயரிலும் நுழைந்து அவரவர் எழுதியதை அவள் தட்டுவாள். ஒவ்வொரு தடவை நுழையும்போதும் அந்தந்த அதிகாரியின் கைபேசிக்கு ஓடிபி போகும், அதைக் கேட்டு வாங்கவேண்டும். துணைச் செயலாளர் ஒருமுறை கல்யாண ஊர்வலத்தில் இருந்துகொண்டு, பேண்டு சத்தத்துக்கு நடுவே நம்பரைக் கத்தினார். இவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு எழுதிக்கொண்டாள். காகிதத்தைக் குறைக்க வந்த மென்பொருள். அதற்குப் பிறகு எங்களுக்குக் காகிதக் கட்டு வாராவாரம் பற்றாமல் போனது.

வெள்ளிக்கிழமை இன்னும் விசேஷம். வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஒவ்வோர் அதிகாரியும் விவாதத்தில் ஏதாவது சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் மென்பொருள் திரையில் காட்டும் கணக்குப் பலகையில் அவர் பெயர் சிவப்பாகிவிடும். சிவப்பு என்றால் அவமானம். ஆகவே வெள்ளி மதியம் மூன்று மணிக்கு மேல் அவள் உட்கார்ந்து எங்கள் பதினோரு பேரையும் பேசவைப்பாள். துணைச் செயலாளர் ஒரு யோசனை சொல்வார். நான் ஒப்புக்கொள்வேன். இன்னொருவர் சின்னதாக ஒரு சந்தேகம் கேட்பார். இணைச் செயலாளர் ‘நல்லது, மேலே செல்க’ என்பார். யார் ‘நேரில் வந்து பேசவும்’ என்று எழுதுவார், யார் ‘ஆராய்க’ என்று எழுதுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரு கூட்டத்தில் இணைச் செயலாளர், “வெள்ளிக்கிழமை விவாதங்கள் மிக உயிரோட்டமாக இருக்கின்றன” என்று எங்களைப் பாராட்டினார். அதில் தன் பெயரில் இருந்த வரிகளைத் தான் எழுதவில்லை என்பது அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. நான் அன்று வீட்டுக்குப் போய் இதைச் சொல்லி என் கணவரோடு வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

விருதும் வந்தது. எல்லா லாகினும் எல்லா நாளும் பச்சை. இப்படி ஒரு அலுவலகம் வேறு இல்லையாம். விழா மேடையில் பெரிய திரை வைத்து, எங்கள் பலகையை நேரடியாகக் காட்டினார்கள். எல்லோரும் பட்டுப்புடவையும் கோட்டுமாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டோம். அந்த நேரம் திரையில் பச்சை தெரியவேண்டும் என்பதற்காக அவளை மட்டும் அலுவலகத்தில் உட்காரவைத்துவிட்டுப் போயிருந்தோம். விழாவில் கொடுத்த லட்டுப் பெட்டியில் ஒன்றை அவளுக்கென்று எடுத்து வந்தேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு!

அடுத்த கோடையில் மதராசி கேம்ப்பை இடித்தார்கள். நாலாவைத் தூர்வாரவேண்டும், கோர்ட்டு உத்தரவு என்று பல நாளாகப் பேச்சு இருந்தது. சிலருக்கு நரேலாவில் வீடு, சிலருக்கு அதுவும் இல்லை. இவளுக்கு நரேலா கிடைத்தது. தில்லியின் வடக்கு ஓரத்தில், ஹரியானாவைத் தொட்டுக்கொண்டு இருக்கிற ஊர். இடிக்கிற அன்றைக்கு அவள் வேலைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்குத் துணைச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். பலகை முழுக்கச் சிவப்பு. “உங்கள் ஆள் எங்கே?” என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். “அச்சா, அச்சா” என்று தலையாட்டிவிட்டு, “பாஸ்வேர்டையாவது கேட்டு வையுங்கள்” என்றார். அவருடைய பாஸ்வேர்டு அவருக்கே தெரியாது.

என் அறைக்கு வந்து அவளுக்கு போன் போட்டேன். பின்னால் ஜேசிபி சத்தம். யாரோ பெண்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, சாமான் எல்லாம் ரோட்டுல கெடக்கு. டெம்போகாரன் ஜல்தி ஜல்திங்கிறான். என்னாக்கா, சொல்லுங்க.”

“ஒண்ணுமில்லம்மா. நீ எப்படி இருக்க?”

“இருக்கேன்க்கா.”

“இல்ல, அது… டிஎஸ் சாரோட பாஸ்வேர்டு வேணுமாம். நீ கொஞ்சம் சொல்லிட்டேன்னா…”

அவள் சொன்னாள். அந்த இரைச்சலில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன். ஒவ்வோர் எழுத்தாக, பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது என்று பொறுமையாகச் சொன்னாள். இணைச் செயலாளருடையதும் வேண்டுமா என்று அவளே கேட்டாள். ஆமாம் என்று அதையும் வாங்கிக்கொண்டேன். வீடு இடிபட்டு நடுத்தெருவில் நிற்கிறவளிடம் நான் கேட்டு வாங்கியது இது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மூன்றாம் நாள் வந்துவிட்டாள். முகம் கறுத்துப்போயிருந்தது. ஜூன் முழுக்கப் பள்ளி விடுமுறை, அதனால் சமாளித்தாள். கடைசி வாரம் என்னிடம் வந்து விஷயத்தைச் சொன்னாள். நரேலாவிலிருந்து மூன்று வண்டி மாறி, இரண்டரை மணி நேரம். காலையில் மகளோடு கிளம்பி, அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு, எட்டு மணிக்கு இங்கே வந்துவிடுவாள். அதில் சிக்கல் இல்லை. பள்ளி ஒன்றரைக்கு விட்டுவிடுகிறது. பதினாலு வயதுப் பெண்ணை அவ்வளவு தூரம் தனியாக அனுப்பப் பயம்.

“நரேலாவுல சேத்துடலாம்தான்க்கா. ஆனா அங்க எல்லாம் ஹிந்தில. பேசறதுக்குப் பேசும், எழுத வராது. சின்னதுலேருந்து தமிழ்லயே படிச்ச பொண்ணு. அடுத்த வருஷம் டென்த்து. எங்கம்மா பாத்திரம் தேச்சு என்னைப் படிக்க வச்ச இஸ்கூலுக்கா.”

எனக்கு உடனே வழி தோன்றியது. அந்த உற்சாகம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. “எங்கேருந்து வேணும்னாலும் வேலை செய்யலாம்னுதானேம்மா இதை வாங்கினாங்க? எட்டுலேருந்து ஒண்ணு வரைக்கும் இங்க இரு. பொண்ணைக் கூட்டிட்டுப் போய் மிச்சத்தை வீட்டுலேருந்து போடு. ஒரு விண்ணப்பம் எழுது, நான் பாத்துக்கறேன்” என்றேன். அவள் முகம் எப்படி மலர்ந்தது! அன்றைக்கே எழுதித் தன் பெயரில் இருந்த லாகினில் பதிவு செய்தாள். அலுவலகத்தில் தன் லாகினைத் தானே திறக்கிறவள் அவள் ஒருத்திதான்.

அன்று மாலை லிஃப்டு அருகே துணைச் செயலாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். பலகையில் பார்த்திருக்கமாட்டார், யாரோ ஓதியிருக்கிறார்கள். “மேடம்ஜி, மதியத்துக்கு மேல் அவள் இல்லை என்றால் என் ஓடிபியை யார் வந்து வாங்குவது? இணைச் செயலாளர் கோப்புகள் எல்லாம் மதியம்தானே வருகின்றன?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அடுத்த மாதம் பணி மதிப்பீடு எழுதப்போகிறவர் அவர். அதை அவர் சொல்லவில்லை, சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

மறுநாள் அந்த விண்ணப்பத்தின் மேல் முதலில் எழுதவேண்டியவள் நான். ‘பரிந்துரைக்கிறேன்’ என்று ஒரு சொல் போதும். என் கணினியைத் திறந்தேன். என் பாஸ்வேர்டு எனக்கு மறந்துபோயிருந்தது. இரண்டு தடவை தப்பாகப் போட்டேன்; மூன்றாவதும் தப்பினால் பூட்டிக்கொள்ளும். எழுந்து போய் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். அவள் என் பெயரில் நுழைந்தாள், என் கைபேசிக்கு வந்த நம்பரைச் சொன்னேன், அவளுடைய விண்ணப்பம் திறந்தது. விரல்களை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“ஆணைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது. அவ்வளவு போடு” என்றேன்.

தட்டினாள். கை விசைப்பலகையிலேயே இருந்தது.

“அவ்வளவுதானாக்கா?”

“அவ்வளவுதான். மேல பாத்துக்குவாங்க.”

என் உத்தியோகத்தில் அந்த வரிக்கு என்ன பொருள் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். எனக்கு அக்கறை இல்லை, நீங்கள் என்ன செய்தாலும் சரி என்று பொருள். ஆயிரம் கோப்பில் எழுதியிருக்கிறேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்தினாள்.

இரண்டு நாள் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது. வழக்கம்போல அச்சடித்த காகிதத்தில் எழுதியிருந்தார்கள், வழக்கம்போலப் பியூன் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தார். நான் அப்போது அவளுக்கு எதிரே இருந்த அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன் என்பதுதான் நிஜம். துணைச் செயலாளர் நீல மையில் எழுதியிருந்தார்: ‘பணியின் தன்மை நேரில் இருப்பதைக் கோருகிறது. ஏற்பதற்கில்லை.’ அதன் கீழே பச்சை மையில் இணைச் செயலாளரின் சுருக்கொப்பம், தேதி. வேறு ஒரு சொல் இல்லை.

அவள் படித்தாள். காகிதத்தைக் கிளிப்பில் மாட்டி, திரைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். இன்டர்காமில் துணைச் செயலாளரைக் கூப்பிட்டு, “சர், ஓடிபி” என்றாள். அவர் சொன்னார். எந்தக் கோப்புக்கு என்று அவர் கேட்கவும் இல்லை. அவர் பெயரில் நுழைந்து, அவர் எழுதியதைத் தட்டினாள். அவருடைய ஆங்கிலத்தில் ஒரு ‘the’ விட்டுப்போயிருந்தது. அதை அவள் சேர்த்தாள். அவர் லாகினிலிருந்து வெளியே வந்தாள். இணைச் செயலாளரின் பி.ஏ.வைக் கூப்பிட்டு நம்பர் வாங்கி, அந்த அம்மாளின் பெயரில் நுழைந்து, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று போட்டாள். பச்சைக் கையொப்பத்துக்கு அதுதான் அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். தன் மகளுக்கு இல்லை என்று சொன்ன மூன்று பேருடைய பெயரிலும் அவளேதான் உட்கார்ந்து அதைச் சொல்லவேண்டியிருந்தது. மூன்று பேரில் நான் முதல் ஆள்.

கடைசியாகத் தன் லாகினைத் திறந்தாள். கோரிக்கை முடிக்கப்பட்டது, உங்கள் அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டு ஐந்து நட்சத்திரம் வந்து நின்றது. ஐந்தையும் அழுத்தினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏம்மா, இதுக்குப் போய் அஞ்சா?”

“மூணுக்குக் கீழ போட்டா செக்‌ஷன் பேரு செவப்பாவும்க்கா. உங்களைத்தான் கூப்புட்டுக் கேப்பாங்க.”

போடாதே என்று நான் சொல்லவில்லை. சிவப்பாகட்டும், கேட்கட்டும், அப்போதாவது வாயைத் திறக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். மாறாக எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் அந்தச் சான்றிதழைப் பார்க்கும்போது வருகிற குமட்டலைவிட அதிகமாகக் குமட்டுகிறது.

இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் இது பொய்யாகிவிடும். அந்தப் பள்ளி என் குவார்ட்டர்ஸிலிருந்து பொடிநடையாகப் பத்து நிமிடம். ஒன்றரைக்குப் பள்ளி விட்டால் அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, படித்துக்கொண்டு இருக்கலாம். ஆறு மணிக்கு அவள் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போகலாம். என் கணவர் ஓய்வுபெற்று வீட்டில்தான் இருக்கிறார், ஒரு அறை சும்மாவே கிடக்கிறது. இது எனக்கு அன்றைக்கே தோன்றியது. வீட்டில் சொன்னேன்.

“ஒரு நாள் ரெண்டு நாள்னா சரி. ரெண்டு வருஷம்னா யோசிக்கணும்” என்றார்.

அவர் யோசிக்கத்தான் சொன்னார், வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவளிடம் பேச்சே எடுக்கவில்லை. அலுவலகத்தில் இருக்கிறவர்களைப் பற்றி இத்தனை பக்கம் முகம் சுளித்து எழுதுகிறேனே, அவர்களாவது தங்கள் வசதியை வெளிப்படையாகக் கேட்டார்கள்.

ஜூலை முதல் வாரம் பள்ளி திறந்தது. நாலு நாள் அந்தப் பெண் பள்ளி விட்டதும் எங்கள் அலுவலகத்துக்கு வெளியே, காவலர் கூண்டுக்குப் பக்கத்தில் மர நிழலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே விட பாஸ் வேண்டும், பாஸ் கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். ஐந்தாம் நாள் மழை. அன்றைக்கு அவளைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை அம்மாக்காரி என் மேசைக்கு வந்தாள். பள்ளிக்குப் போய் மாற்றுச் சான்றிதழ் வாங்கவேண்டும், நரேலா பள்ளியில் சேர்க்கைக்குக் கடைசி நாள் நெருங்குகிறது, அரை நாள் விடுப்பு வேண்டும் என்றாள். குரலில் கோபமே இல்லை, இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அரை நாள் விடுப்பு என் அளவிலேயே முடிகிற விஷயம். மேலே யாரையும் கேட்கவேண்டியதில்லை, நான் ஒருத்தி சரி என்றால் போதும்.

“சரிம்மா, போட்டுடு” என்றேன்.

“போட்டுட்டேன்க்கா. நீங்க அப்ரூவ் பண்ணணும்.” என் முழங்காலைப் பார்த்தாள். “நீங்க எதுக்கு எழுந்து வரணும், கால் வலி. உங்க லாகின்ல நானே பண்ணிக்கட்டுமா?”

அவள் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்ததும் என் கைபேசியில் நம்பர் வந்து விழுந்தது. அதைப் படித்துச் சொன்னேன்.